சாவு வீட்டில் மடகாஸ்கர்

காலை ஐந்தே முக்கால். தோட்டத்துக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை தரையில் கிடந்த மூன்று ஓலைகள். நான்காவதை மாமா அறுத்துக்கொண்டிருந்தார்.

இரவில் அப்பா இறந்திருந்தார். அன்று தெருவில் தறிகள் ஓடவில்லை. பாடைக்குப் பச்சை ஓலை வேண்டும். பின்பக்கம்தான் தென்னை நிற்கிறதே என்று, தாமலிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி அரிவாளோடு இறங்கிவிட்டார்.

அது தென்னை இல்லை. மடகாஸ்கர் மேட்டு நிலங்களில் வளரும் அரிய அலங்காரப் பனை. பார்க்க அச்சு அசல் தென்னை. தேங்காய் மட்டும் காய்க்காது. (இதைப் போய் எவனாவது விலை கொடுத்து வாங்குவானா என்பவர்களுக்கு: ஒருவன் வாங்கினான், நான்தான்.) போர்வெல் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது என்று அப்பா மழைநீர் பிடித்துவைத்து ஊற்றுவார். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் அந்த மரத்தைப் பற்றித்தான்: குருத்து எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்த ஓலை மஞ்சளாகிறது.

"வேண்டாம் மாமா" என்று மட்டும் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். நான் விளக்கினேன். உள்ளே அப்பா கிடக்க, வாசலில் வாடகை நாற்காலிகள் இறங்க, மடகாஸ்கரின் மண்வளம் வரை போய்விட்டேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"தேங்கா காய்க்குமா?"

"காய்க்காது மாமா."

"அப்ப எதுக்குபா மல்லுக்கு நிக்கிற? உங்கப்பன தூக்கினு போவணும். பச்சையா இருக்குது, போதும்."

ஐந்தாவது ஓலை விழுந்தபோது வாய்விட்டு அழுதேன். இரவெல்லாம் ஒரு சொட்டு வராத கண்கள். பெரியம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அப்பாவ நெனச்சி எப்டி உருகுறான் பாருங்க புள்ள" என்றாள். நான் தேம்பலுக்கு நடுவே, எல்லோருக்கும் கேட்கும்படி, "குருத்தையாவது விடச் சொல்லு பெரிம்மா" என்றேன்.

அவள் கை என் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது.

மாமா குருத்தை விட்டார். ஓலைகளைப் பிளந்து முடைந்தார்கள். அப்பா அதன்மேல் போனார். கொள்ளிச்சட்டியுடன் முன்னால் நடந்ததால் நான் பார்க்கவில்லை.

இப்போது சொந்தக்காரர்களிடையே என் பெயர் மடகாஸ்கர். எந்தச் சாவு வீட்டில் ஓலைக்கு ஆள் அனுப்பினாலும் மாமா சொல்வார்: "மடகாஸ்கர் வூட்டாண்ட மட்டும் போவாதீங்கபா. பொணத்துக்கு அழமாட்டான், மட்டைக்கு அழுவான்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் விட்டுவைத்த குருத்து விரியவில்லை.