நித்தியகல்யாணிக்கு ஒரு தீர்மானம்

உலகத்திலேயே முற்போக்குக்கு முறைப்படி பதிவு எண் வாங்கி வைத்திருப்பது மல்காஜ்கிரி தமிழர் முற்போக்கு மன்றம் ஒன்றுதான். அந்த மன்றத்தின் மண்டபத்தில் தன் ஒரே மகள் சாருலதாவுக்குக் கல்யாணம் என்பதில் சகுந்தலாவுக்கு ஏகப்பட்ட பெருமை. மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கும்போது தன் கையால் ஆரத்தி எடுக்க வேண்டும் என்று ஓர் ஆசையும் இருந்தது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மண்டபத்து வாசல் செடியால் பிரச்சினை வெடித்தது. ரோஜா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ. இடம் பார்க்க வந்த சம்பந்தியம்மாள், இது சுடுகாட்டு மல்லியாயிற்றே என்று முகம் சுளித்துவிட்டுப் போனாள். மன்றம் 'அவசரப் பொதுக்குழு'வைக் கூட்டியது.

உஸ்மானியா பிஸ்கட்டும் டீயும் வந்து சேர்ந்ததும் விவாதம் சூடு பிடித்தது. இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த செயலாளர் ஜெகநாதன், "நக்கோ சார், வேணாம், பிடுங்கிப் போட்டுடலாம்" என்றார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் வெங்கட் செல்போனைப் பார்த்து, செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு என்றும், நம் சுடுகாடுகளோடு அதற்குப் பிறவித் தொடர்பு எதுவும் இல்லை என்றும் சாட்சியம் அளித்தான். கடைசியில் தலைவர் பக்தவத்சலம் எழுந்தார். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்திலும் நாள் தவறாமல் பூப்பதால் அதைச் சுடுகாட்டில் நட்டார்கள், நாள் தவறாமல் பூப்பதால்தான் நித்தியகல்யாணி என்றும் பெயர் வைத்தார்கள் என்று பெயர்க் காரணத்தை ஆதியோடந்தமாக விளக்கினார்.

"சாவு விழுந்த இடத்துல நின்னுச்சுங்கிறதுக்காக ஒரு உயிரை அபசகுனம்னு ஒதுக்கறது காட்டுமிராண்டித்தனம்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

கைதட்டலில் பிஸ்கட் தட்டு அதிர்ந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சகுந்தலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷர் தனக்காகவே பேசுகிறார் என்று நம்பினாள். சுடுகாட்டு மல்லி என்ற பெயர் 'இன்று முதல் ரத்து' என்றும், செடி வாசலிலேயே நின்று மணமக்களை வரவேற்கும் என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அந்தத் தைரியத்தில் அவள் எழுந்தாள். "அப்ப மாப்பிள்ளைக்கு ஆரத்தி நானே எடுத்துடறேன், சார்."

ஜெகநாதன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வெங்கட் மறுபடியும் செல்போனுக்குள் போய்விட்டான். பக்தவத்சலம் பொறுப்பு உணர்ந்தவர் ஆகையால் மிகுந்த அன்போடு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, சகுந்தலாம்மா. தீர்மானம் செடிக்குத்தான். நீங்க அந்த நேரத்துக்கு மட்டும் செடிக்குப் பின்னால, கொஞ்சம் உள்ள தள்ளி நின்னுக்குங்க."

சகுந்தலா உட்காரவில்லை.

"செடிக்கும் புருஷன் இல்லையே, சார்" என்றாள்.

அபசகுனமான அந்த வாக்கியத்தை முற்போக்கு மன்றம் ஏகமனதாகக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கியது.