முக்கால் வேகத்தில் ஒரு சித்தப்பா

பாசமும் பாட்டும் குறையாத சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வாலு பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆமாம், பணிவுடன்தான், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படிக்க வேண்டாம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உங்களையும் சேர்த்து எல்லோரும் நலமா? உங்கள் குழுவின் புது ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்வதைப் படித்துப் படித்து மனசு விட்டுப்போய், போனையே அணைத்து வைத்துவிட்டீர்கள் என்று சித்தி சொன்னார். பாதிப் பேர், "எங்கய்யா போச்சு பழைய நாட்டுப்பாட்டு? கிடாரை இவங்க வாசிக்கிறாங்களா, வதைக்கிறாங்களா?" என்கிறார்களாம். மீதிப் பேர், "இப்பதான் இந்தக் குழுவுக்கு வயசே வந்திருக்கு" என்கிறார்களாம். அதனால்தான் இந்தக் காலத்தில் நான் பேனா பிடித்து, உங்கள் ஒத்திகைக் கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். ஊர் பிரிந்ததற்கு நான் பொறுப்பில்லை, சித்தப்பா. எங்கள் தெரு பிரிந்ததற்கு மட்டும் முழுப் பொறுப்பும் என்னுடையது.

நடந்தது இதுதான். ஆல்பம் வந்த அன்று அப்பா தையல் கடையில் அதைப் போட்டார். போட்டார் என்றால் ஆசையாக இல்லை, கடமையாக. கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இவன் கத்துறதைக் கேட்டுட்டு வெட்டினா பேன்ட்டு டவுசர் ஆயிடும்" என்று வழக்கமான முகத்தைக் காட்டினார். நீங்கள் கடையை விட்டுப் பாடப் போன நாளிலிருந்து அவருக்கு இருக்கிற முகம்தான் அது, உங்களுக்கே தெரியும். எனக்குக் கை அரித்தது. அவர் அளவெடுக்கத் திரும்பிய நேரத்தில் அவருடைய போனில் வேகத்தை முக்காலாகக் குறைத்துவிட்டேன். தம்பி தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார் என்று அப்பா கொஞ்ச நேரம் முழிக்கட்டும், பிறகு குட்டை உடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்றாவது பாட்டில், "நீ விட்ட சட்டைக்குள்ளே நான் வளர்ந்தேன் அண்ணா" என்று நீங்கள் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து வந்தபோது மெஷின் நின்றது. அப்பா குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது. பாட்டு முடியும்வரை கோத்துக்கொண்டே இருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இவ்வளவு நாளா இவன் என்ன சொல்றான்னே புரிஞ்சதில்ல. இப்பதான் நிதானமாப் பாடக் கத்துக்கிட்டிருக்கான்" என்றார். இதற்குப் பிறகு எப்படி உடைப்பேன்? பாட்டை இழுத்தேன், வம்பும் கூடவே வந்துவிட்டது.

அன்றிலிருந்து கடையில் காலை முதல் மாலைவரை உங்கள் முக்கால் சித்தப்பாதான். அப்பாவின் கால் பாட்டுக்குத் தகுந்தபடிதான் மெஷினை மிதிக்கும் என்பதால் பள்ளிச் சீருடைகள் மலைபோல் தேங்கிவிட்டன. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்டு உருகி, துணி தயாராகாத கோபத்தையும் மறந்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். எதிரே சலூனில் அதே ஆல்பம் முழு வேகத்தில் ஓடுகிறது. நேற்று இடுப்பைப் பெரிதாக்கக் கொடுத்த பேன்ட்டைத் தேடி வந்த கணக்கு வாத்தியாரும் சலூன்காரரும் நடுத்தெருவில் மோதிக்கொண்டார்கள்.

"தாலாட்டு மாதிரி என்னமா பாடியிருக்காரு! நேத்துக் கேட்டுட்டு ராத்திரி முழுக்க மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"தாலாட்டா? சார், என் நாற்காலியில உக்காந்தவன் எல்லாம் தலையாட்டுறான். கத்தியை வெச்சுக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"உங்களுக்குக் காது சரியில்ல."

"என் காது இருக்கட்டும் சார். இப்படியே போனா வர்றவன் காதுதான் இருக்காது."

இருவரும் சொல்வது உண்மை. இருவரையும் சமாதானப்படுத்த வேண்டியவள், பொத்தான் டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பெரிய ஆபத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைக் கச்சேரிக்கு நீங்கள் அனுப்பிய டிக்கெட்டுகளும், "அண்ணன் ஒரு தடவை வந்தா போதும், அப்புறம் யார் என்ன எழுதினாலும் கவலையில்ல" என்ற சீட்டும் கிடைத்தன. இதுவரை அனுப்பிய டிக்கெட் எதையும் தொட்டுக்கூடப் பார்க்காதவர், இந்த முறை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம், "போலாம்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நினைத்துப் பாருங்கள், சித்தப்பா. முதல் தடவையாக முன்வரிசையில் வந்து உட்காருவார். நீங்கள் மேடையேறி மூன்றாவது பாட்டைக் குதிரை வேகத்தில் எடுப்பீர்கள். ஒரு சொல்லும் புரியாது. "மறுபடியும் கத்த ஆரம்பிச்சுட்டான்" என்று பாதியில் எழுந்து போவார். அதை நீங்கள் மேடையிலிருந்து பார்ப்பீர்கள். அப்புறம் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் தையல் போட எந்த மெஷினாலும் முடியாது. கிழித்தவள் நான்.

அப்பாவின் காதில் பஞ்சு வைக்கலாமா, கச்சேரி ரத்து என்று புளுகலாமா என்றெல்லாம் யோசித்து, சோறு இறங்காமல் போய், கடைசியில் உங்கள் காலில் விழுகிறேன். தயவுசெய்து அந்த ஒரு பாட்டை மட்டும் முக்கால் வேகத்தில் பாடுங்கள். டிரம்ஸ் அண்ணனுக்கு அன்று மதியம் இரண்டு தட்டு சோறு அதிகமாகப் போடுங்கள், கை தானாக மெதுவாகிவிடும். ரசிகர்கள் கேட்டால் புதுப் பாணி என்று சொல்லிக்கொள்ளலாம். எப்படியும் பாதிப் பேர் திட்டப்போகிறார்கள்.

சித்திக்கு என் வணக்கம். குட்டித் தம்பிக்கு முத்தம், அவன் மூக்கைத் துடைத்த பிறகு. குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் என் அன்பு. டிரம்ஸ் அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் மெதுவான அன்பு.

பொத்தான் டப்பாவுக்குப் பின்னாலிருந்து,
உங்கள் வாலு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சலூன்காரர் வந்து வாசலில் நின்றார். "அப்பா இன்னிக்கு வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். எங்கே வரவில்லை என்று கேட்டேன். அப்பா தினமும் மத்தியானம் சலூனுக்குப் போகிறாராம். முடி வெட்ட இல்லை. அவர் தலையில் வெட்ட என்ன இருக்கிறது? நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "என் பொண்ணு கடையில பாட்டை இழுத்து விட்டிருக்கா. ஏமாத்திட்டோம்னு பாவம், சந்தோஷமா இருக்கா, இருக்கட்டும். நீ மூணாவது பாட்டைச் சரியாப் போடு. என் தம்பி எப்படிப் பாடினானோ அப்படியே கேக்கணும்" என்பாராம். இரண்டாம் நாளிலிருந்தே இப்படித்தானாம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். உங்கள் வேகத்திலேயே பாடுங்கள். முன்வரிசையை மட்டும் பார்க்காதீர்கள், அப்பா கூச்சப்படுவார். சலூனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோப்பு பட்டுடுச்சு" என்றாராம். "நான் இன்னும் சோப்பே போடலம்மா" என்கிறார் சலூன்காரர்.