சம்பந்தி இல்லாத டீம் வேண்டும்

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகராஜ் அவர்களுக்கு,

கோவில்பட்டியிலிருந்து மாமனார் சோலைராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் கத்தாரில் நீங்களும் சுகமாயிருப்பீர்கள். போனில் சொன்னால் வாய் தடித்துவிடும் என்பதால், தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறேன்.

ரிட்டயர்டான இரண்டு தகப்பன்மார்களுக்கும் பொழுது போகட்டும் என்று, சென்ற லீவில் ஆளுக்கொரு துப்பாக்கி கேம் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நல்ல மனசு. ஆனால் இந்த ஆடிக் காற்றில் நெட் வயர் ஊஞ்சலாடுகிறது. எதிரியைக் குறிபார்த்துப் பட்டனை அமுக்கினால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி ஓடும்போது நான் செத்துக் கிடக்கிறேன், சுட்டவன் அடுத்த தெருவுக்கே போய்விட்டான். கேபிள்காரரைக் கேட்டால், "அண்ணாச்சி, இந்த ஸ்பீடு படம் பாக்கத்தான், சண்டைக்குப் பத்தாது" என்கிறார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். டீம் சேர்க்கிற லட்சணம்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற ஆளாகப் பார்த்து அதுவே சேர்த்துவிடும் என்றீர்கள். காலை பதினோரு மணிக்கு இந்தக் கரிசல் சீமையில் வேலைவெட்டி இல்லாமல் துப்பாக்கி தூக்குகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று கடம்பூரில் உங்கள் தகப்பனார் உக்கிரபாண்டி! எத்தனை தடவை வெளியே வந்து நுழைந்தாலும் அவரையே கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்துகிறது.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே வழக்கம், ஆவணியில் வளைகாப்பு முடிந்ததும் மகள் இசக்கிச்செல்வியைக் கூட்டிப்போகிறோம் என்று அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "அங்கன தண்ணிக்கு நீங்களே குடத்தைத் தூக்கிட்டு அலையுதீங்க. புள்ள இங்கனயே இருக்கட்டும்" என்றார். என் மகளுக்கு என் வீட்டில் தண்ணீர் கிடைக்காதாமா? அன்றோடு நின்ற பேச்சு, இரண்டு மாதமாகிறது. மகள் வருவாளா மாட்டாளா என்று அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

பேசாத இருவர் ஒரே டீமில் எப்படிச் சண்டை போடுவது? மூன்றாவது ஆளாக எங்கிருந்தோ ஒரு இந்திக்கார அம்மா வருவார். உங்கள் தகப்பனார் மைக்கில் அவரிடம், "யம்மா, அந்தப் பச்சைச் சட்டைக்காரர்ட்ட சொல்லு, பின்னால ஒருத்தன் நிக்கான்" என்கிறார். பச்சைச் சட்டை நான்தான். காதில் நன்றாகவே விழுகிறது. ஆனால் என்னிடம் சொல்லாததற்கு நான் திரும்பலாமா? அந்த அம்மா "க்யா? க்யா?" என்று கேட்டு முடிப்பதற்குள் என் கதை முடிந்துவிடுகிறது. நானும் விடவில்லை. "யம்மா, அவிய காலுகிட்ட குண்டு கெடக்குன்னு சொல்லிருங்க" என்று முறைப்படி அவர் மூலமாகவே சொன்னேன். உங்கள் தகப்பனாரும் அசையாமல் நின்று வெடித்துப்போனார். நேற்று மட்டும் பதினாலு ஆட்டம், பதினாலும் தோல்வி. அந்த அம்மாவின் வயிற்றெரிச்சல் நமக்கு எதற்கு மாப்பிள்ளை?

ஆகவே உடனே அந்தக் கம்பெனிக்கு எழுதி, என்னை எவனாவது ஜப்பான்காரனோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். முடியாதென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். தீர்க்காயுசாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சோலைராஜ்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட கையோடு ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தேன். பாதியில் இந்திக்கார அம்மாவின் லைன் கட்டாகிவிட்டது. நான் குண்டடிபட்டுக் கிடக்கிறேன், நடுவில் சொல்லிவிட ஆளில்லை. உங்கள் தகப்பனாரே, "சம்பந்தி, அசையாதீங்க, தூக்கிவிட வாரேன்" என்றார். "வாங்க சம்பந்தி" என்றேன். ஜெயித்துவிட்டோம் மாப்பிள்ளை! வளைகாப்பு முடிந்ததும் செல்வியை அனுப்பிவைக்கிறாராம். கூடவே அவரும் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளை பிறக்கும் வரை இங்கேயே தங்குகிறாராம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. கம்பெனிக்கு எதுவும் எழுதிவிடாதீர்கள். ஒரே வீட்டிலிருந்து ஆடினால் எங்கள் இருவரையும் பிரித்துவிடாமல் சேர்க்குமா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.