ரப்பர் விதையும் என் நெற்றியும்

மண்ணார்க்காடு,
21.8.1994

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு, தங்கை வரலட்சுமி எழுதுவது. இங்கு நான் நலம், நெற்றி ஒன்றைத் தவிர. கருமத்தம்பட்டியில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கவும், தறிகள் நிற்காமல் ஓடவும் வேண்டுகிறேன்.

நம் ரப்பர் தோட்டத்து மேற்பார்வையாளர் ஏசுவடியானை வேலையைவிட்டு நீக்கும் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "நீ செடிகொடி படிச்சவ, ஒருக்கா பாத்துப்போட்டுக் குடுத்துட்டு வா கண்ணு" என்றீர்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, பூஞ்சைக்கு என்று அறுபதடி மரத்துக்கு மருந்தடிக்கிறவன் ஒன்று பைத்தியம், இல்லையென்றால் மயில்துத்தத்தை வெளியே விற்கிறவன் என்பது உங்கள் கட்சி. இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் பூஞ்சைகளைப் பற்றிப் பாடம் நடத்திய நானும் அதே கட்சிதான். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் துண்டில் ஒட்டியிருக்கும் அந்தச் சமாச்சாரம் ஒரு தோட்டத்தையே மொட்டையடிக்கும் என்று நான் நம்பியதில்லை.

மேற்குச் சரிவில் கடைசி நாற்பது மரங்களுக்கு மே மாதம் மருந்து போதவில்லையாம். நீங்கள் மயில்துத்தத்தில் ஒரு மூட்டை குறைத்து அனுப்பினீர்கள் என்று ஏசுவடியான் சொல்லவில்லை, அவர் மனைவி ரூத் சொன்னார். அந்த மரங்கள் இலை கொட்டிக் குச்சியாக நிற்கின்றன. காய்கள் கறுத்து அழுகிக் கிளையிலேயே தொங்குகின்றன. பத்தடி தள்ளி, மருந்தடித்த பக்கம் நுழைந்தால் நடுமத்தியானத்திலும் வெயில் தரையைத் தொடவில்லை. தலைக்கு மேலே படார் என்றது. அப்புறம் நாலாபக்கமும். யாரோ சுடுகிறார்கள் என்று, துறைத்தலைவியாகிய நான் ரூத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். "எந்திரிங்க டீச்சரே, காய் வெடிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு விதை வந்து நெற்றியில் அடித்தது. கண்ணாடி எகிறிப்போச்சு. தேடி மாட்டிக்கொண்டு பார்த்தால், அண்ணா, தரையெல்லாம் விதை! காடை முட்டையாட்டம் புள்ளிபுள்ளியாக, பளபளவென்று. ஒன்றின் கோலம் இன்னொன்றில் இல்லை. அவ்வளவு பெரிய மரம் தன் பிள்ளைகளைத் தானே வீசி எறிகிறது. இதை நான் வகுப்பில் 'வெடித்துச் சிதறும் கனி' என்று மூன்று சொல்லில் தாண்டிப்போயிருக்கிறேன். சோத்துக்குப் போகவே தோணலைங்க.

"முதலாளி ஏதோ கடிதாசு குடுத்துவிட்டாராமே டீச்சரே?" என்று ஏசுவடியான் கேட்டார். பார்வை என் கைப்பைமேல் இருந்தது. "எங்கேயோ வெச்சுப்போட்டேன்" என்றேன்.

ஆகவே அவரை நீக்கக் கூடாது. அவரை நம்பாமல், உங்கள் கண்ணெதிரே நாற்றுவிட வேண்டும் என்று இங்கிருந்து இரண்டு மூட்டை விதை வரவழைத்தீர்களே, அதை உடனே ஈரமணலில் பாவுங்கள். ரப்பர் விதை காய்ந்தால் உயிர் போய்விடும். அது மருந்தடித்த மரத்து விதை; முளைத்துவந்தால் அவர் நேர்மைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் என்றும் வேண்டும்.

தங்கை,
வரலட்சுமி

பி.கு.: தபால் பெட்டிக்குப் பக்கத்து பூத்திலிருந்து அண்ணிக்குப் போன் போட்டேன். இரண்டு மூட்டையும் ஐந்து நாளாக மொட்டைமாடி வெயிலில் கிடக்கிறதாம், நிலக்கடலையாட்டம் கலகலங்குதாம். "ஏனுங்க அண்ணி, ஆருங்க காயப்போடச் சொன்னது?" என்று கத்தினேன். "நீதான கண்ணு, பொறப்படறப்போ சொன்ன? பருத்திக்கொட்டையாட்டம் நல்லாக் காயோணும்னு?" சொன்னேன்தான். எனவே ஒன்றுகூட முளைக்காது. அதை வைத்து ஏசுவடியானை எடைபோட்டுவிடாதீர்கள். அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் வெடிக்கும், பொறுக்கிக்கலாம். குனிய வருமா டீச்சரே?" என்றார். கல்லூரிக்கு லீவு கேட்டுத் தந்தி கொடுத்துவிட்டேன். நாளை காலை ஆறு மணியிலிருந்து நான் அவரிடம் வேலைக்குச் சேர்கிறேன். என்னை நீக்காமல் இருக்கும்படி நீங்கள்தான் அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும்.