முவைலா மெஸ் இடைத்தேர்தலில் பத்திநாதன் மீன்கொடி உயர்த்திய படலம்

வாழ்க பத்திநாதன்! முட்டத்துப் பேரலைகள் முதுகில் அறைந்து வளர்த்த முரட்டுத் தோளன், தகரக் குழல்களை அந்தரத்தில் தொங்கவிட்டு வானளாவிய கோபுரங்களுக்குக் குளிர்மூச்சு ஊட்டும் ஏசி வித்தகன், சாளை மீனின் முள்ளை நாவாலேயே பிரித்தெடுக்கும் நுண்கலை வல்லான், ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில், கம்பெனி கேம்பின் ஈரடுக்கு இரும்புக் கட்டிலில் மேலடுக்கு ஏறி அரசு வீற்றிருக்கும் அண்ணல், வாழ்க! மண்ணுக்காகப் பொருத மன்னரைப் பாடியாயிற்று. பொன்னுக்காகக் கடல் கடந்த வணிகரைப் பாடியாயிற்று. வாரத்தில் ஒரே ஒரு நாள் மீன்குழம்பு வேண்டிக் களம் புகுந்த ஒருவனை இன்னும் யாரும் பாடவில்லை. சொல்லின் தெய்வமே, அந்தக் குறை தீர அருகில் வந்து அமர்வாயாக! அமர்ந்தபின் சமையலறை வாடை அடிக்கிறது என்று எழுந்து போகாதிருப்பாயாக!

போரைச் சொல்லுமுன் மெஸ் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டம் தெரியாதவருக்கு வீரம் விளங்காது. அந்தக் கேம்பில் பக்கத்துப் பக்கத்து மூன்று ரூம்களில் வாழும் பன்னிரண்டு தமிழர்கள் ஒரே சட்டியில் சமைத்து உண்பவர்கள். சமைக்கும் வேலை முறைவைத்துச் சுற்றிவரும். ஆனால் சட்டியில் எது விழவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சுற்றிவராது. அது மெஸ் லீடர் என்ற ஒருவரிடமே குடியிருக்கும். நெடுங்காலம் அந்த அரியணையில் இருந்தவர் அஸ்கர் அலி, உறைந்த கோழிகளின் பேரரசர். அட்டைப்பெட்டியில் வரும் பிரேசில் கோழி செங்கல்போல ஃப்ரீசருக்குள் அடுக்கி வைக்கத் தோதானது, செதில் உரிக்கும் வேலை இல்லாதது, பக்கத்து ரூம்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வர வாய்ப்பு தராதது. ஆகவே அவர் ஆட்சியில் திங்களும் கோழி, செவ்வாயும் கோழி, மாதா பிறந்தநாளுக்கும் கோழி. அத்தகைய பேரரசருக்கும் ஒருநாள் விசா கேன்சல் ஆனது. அவர் பெட்டி கட்டி ஊர் சேர்ந்தார். அவரிடத்துக்கு ஊரிலிருந்து புதியவர் ஒருவர் வந்து மெஸ்ஸில் சேர்ந்தார். அரியணை மட்டும் காலியாகவே கிடந்தது.

பழைய வழக்கப்படி லீடரைத் தேர்ந்தெடுப்பது சமையலறையில் நடக்கும். பெயரைச் சொல்வார்கள், கத்துவார்கள், அதிகம் கத்தல் வாங்கியவர் லீடர். இம்முறை கோழிக் கட்சியின் வேட்பாளன் சரவணகுமார், புதுக்கோட்டைக்காரன், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டி இடியேறு போன்ற தொண்டை பெற்றவன். கத்தல் என்று வந்தால் பத்திநாதன் பிழைக்க வழியில்லை. மேலும், மீன்மேல் ஆசைகொண்டவர் எதிர்முகாமிலும் இருந்தனர். வெளியே சொல்லத்தான் நாணினர். நாணுகிறவனுக்கு ஏற்ற தேர்தல்முறை உலகில் எங்கே இருக்கிறது என்று தேடிய நம் வீரனுக்கு விடை பக்கத்துக் கட்டிலிலேயே கிடைத்தது.

அந்தக் கட்டிலுக்குரியவன் எபின், கேம்ப் அலுவலகத்தில் டைம்கீப்பர். அவனுடைய அக்கா ஜோஸ்மி இங்கிலாந்தின் ஒரு சிறுநகரத்தில் நர்ஸ். போன ஆண்டு அந்நகர் மன்றத்துக்கு வந்த இடைத்தேர்தலில் நின்று, ஈரக் குடையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, தோற்று, தோற்ற கையோடு சட்டப் பிரிவுகள் அனைத்தையும் கரைத்துக் குடித்தவள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள் எப்படி அங்கே நின்றாள் என்று வியப்பவர்கள் அறிக: அந்நாட்டில் உரிமையோடு வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் போடலாம், நிரந்தர வசிப்புரிமை இருந்தால் நிற்கவும் செய்யலாம். இதைக் கேட்ட கணம், சொந்த ஊரில் ஓட்டுப்போட விமானம் ஏறிப்போக வேண்டிய நிலையிலிருந்த பத்திநாதனுக்கு நெஞ்சு விம்மியது. "லே எபினு, அக்காவுக்க ஊர்ல எப்பிடி நடக்குதோ, அப்பிடியே இஞ்சயும் நடக்கணும். ஒரு புள்ளி மாறப்படாது!" என்று அவன் முழங்கினான். ஜோஸ்மியின் வாட்ஸாப் குரல்செய்திகள் மழையாய்ப் பொழிந்தன. எபின் தேர்தல் அதிகாரி ஆனான். நடுநிலை காக்கத் தன் ஓட்டைத் தானே துறந்தான்.

அந்த முறையின் அழகை என்னென்பது! ஓட்டுப்பெட்டி காலி என்று வந்தவர் எல்லோருக்கும் காட்டி, பிறகே மூடி முத்திரையிடுவார்கள். இங்கே பெட்டியாக நின்றது கழுவிக் காயவைத்த தயிர் வாளி. ஓட்டுப்போட அங்கே நூலில் கட்டிய பென்சில். இங்கேயும் நூலில் கட்டிய பென்சில். வேட்பாளர்கள் அங்கே மார்பில் ரிப்பன் பூ அணிவார்கள். பத்திநாதன் தன் தொழிலுக்குரிய அலுமினிய டேப்பை மடித்து நிலவொளி சிந்தும் வெள்ளிப்பூ செய்து அணிந்தான், சரவணகுமார் சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் கொண்டை வைத்த பூ செய்து அணிந்தான். வேட்பாளர் வாசலில் நின்று கதவைத் தட்டி ஆதரவு கேட்பது அங்கே மரபு. ஆகவே எந்நேரமும் திறந்தே கிடக்கும் மூன்று ரூம்களின் கதவுகளையும் சாத்தச்சொல்லி, பிறகு தட்டினான் நம் வீரன். தன் சொந்த ரூமையும் தட்டினான்.

கடைசி ரூமில் கதவைத் திறந்தவர் ராக்கப்பன், சிவகங்கைச் சீமையின் மூத்தவர், சரவணகுமாரோடு ஒரே கிடங்கில் வேலை பார்ப்பவர், மார்பில் சிவப்புப்பூ குத்தியவர்.

"உள்ள வாய்யா, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன, மொய் வைக்க வந்தவன் மாதிரி?"

"உள்ள வரப்படாது அண்ணே, சட்டம். வாரத்துல ஒருநாள் மீனு. மத்த ஆறு நாளும் நீங்க என்னத்த வேணும்னாலும் ஆக்குங்க. அவ்வளவுதான் நம்ம கொள்க."

ராக்கப்பன் முன்னும் பின்னும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நேத்து கனவுல ஒரு கோழி வந்து, 'என்னை விட்ருய்யா'ன்னு கையெடுத்துக் கும்பிடுது. போ, போ. சரவணன் பார்த்துரப் போறான்."

பத்திநாதன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். எபின் நீங்கலாகப் பதினொரு ஓட்டு. அவனும் அவனோடு துபாய் சைட்டில் ஏசிக் குழல் பூட்டும் டக்ட் வேலை பார்க்கும் நால்வருமாக ஐந்து. ராக்கப்பன் சேர்ந்தால் ஆறு. வெற்றி உறுதி! விதி அந்த நேரத்தில்தான் வாசலுக்கு வெளியே நின்று சிரித்தது. ஏனெனில் இங்கிலாந்தில் தேர்தல் நடப்பது வழக்கமாக வியாழக்கிழமை.

"வெள்ளிக்கெழம லீவுல வச்சுக்கலாம்ணே, எல்லாரும் இருப்பாங்க," என்றான் சரவணகுமாரே, எதிரிக்கும் இரங்கும் பெருந்தகையாய்.

"வியாழன்னா வியாழன்! அக்காவுக்க ஊர்ல வெள்ளியா நடக்கு?" என்றான் பத்திநாதன்.

வியாழன் மாலை ஐந்துக்கு வாளி திறக்கும், எட்டுக்கு மூடும் என்று பறையறையப்பட்டது. கோழிக் கட்சியினர் வேலை செய்யும் கிடங்கு கேம்பிலிருந்து நடந்துவரும் தூரம். ஐந்தரைக்கெல்லாம் அறுவரும் குளித்து, பவுடர் பூசி, நூல்கட்டிய பென்சிலால் குறியிட்டு முடித்தனர். மீன்கட்சியின் ஐவரோ துபாயிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் இருந்தனர். மறுநாள் ஷார்ஜாவில் விடுமுறை தொடங்குகிறது. வியாழன் மாலை துபாயிலிருந்து ஷார்ஜாவுக்கு வருகிற சாலையை ஒருமுறையேனும் கண்டவர்கள் இந்த வரியோடு ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அந்தோ, அச்சாலை! யானைப்படை போல் லாரிகளும், தேர்ப்படை போல் நெடுங்கார்களும், காலாட்படை போல் டெலிவரிப் பையன்களின் பைக்குகளும் அணிவகுத்து, பின்விளக்குகள் குருதியாறாய் அடிவானம்வரை ஒளிர, ஒரு சாண்கூட முன்னேறாத பெருஞ்சேனையாய் உறைந்து நிற்க, அச்சேனையின் நட்டநடுவே ஏசி சரியாக வேலை செய்யாத ஒரு வெள்ளை பஸ்ஸில், உலகத்துக்கெல்லாம் ஏசி பூட்டும் ஐவர் வியர்வையில் நீந்தினர். மதியம் உண்ட சோறு எப்போதோ எரிந்து அடங்கியிருந்தது. "அண்ணா, வெள்ளிக்கிழமன்னு அப்பவே சொன்னானுவ," என்றான் அவர்களில் இளையவனான பெபின். தலைவன் மார்பின் வெள்ளிப்பூவை நிமிர்த்தினான்.

எட்டு மணிக்கு இன்னும் சில நிமிடமே இருக்கையில் பஸ் கேம்பின் மதிற்சுவர் ஓரம் வந்து சேர்ந்தது, சேர்ந்து, நின்றது. கேட்டில் ஒவ்வொரு பஸ்ஸாக நிறுத்தி, காவலாளி உள்ளே ஏறிப் பார்த்துத்தான் விடுவார். முன்னே மூன்று பஸ்கள்.

"மூசா பாய், டோர் கோலோ! யல்லா, ஜல்தி!" என்று அலறினான் பத்திநாதன்.

பெஷாவர்க்காரரான ஓட்டுநர் மூசா மலைபோல் அசையாதிருந்தார். "மாஃபி! கேட் பாஹர் டோர் நஹீ. கேமரா ஹே. ஃபைன் கோன் தேகா, தேரா மச்லி?" கேட்டுக்கு வெளியே கதவு திறந்தால் கேமராவில் பதிவாகும், அபராதத்தை உன் மீனா கட்டும் என்பது பொருள்.

கதவு அடைபட்டால் வீரன் ஜன்னலைத் திறப்பான். பத்திநாதன் தலையை வெளியே நீட்டி, போனைக் காதில் வைத்து, அனைத்துப் பஸ்களும் கேட்க இவ்வாறு பிரகடனம் செய்தான்: "தேர்தல் அதிகாரியே, கேளும்! மூடுற நேரத்துல வரிசைல நிக்கவனுக்கு ஓட்டுப்போட உரிமை உண்டு! அக்காவே சொன்னது! நாங்க வரிசைலயாக்கும் நிக்கோம்!"

உண்மைதான். ஆங்கிலச் சட்டம் அப்படியே சொல்கிறது: நேரம் முடிகையில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர் ஓட்டுப் போடலாம், அதன்பின் வந்து சேர்பவருக்கு இல்லை. அதனால்தான் அங்கே கடைசி ஆளின் பின்னால் ஓர் ஊழியர் போய் நின்றுகொள்வார். எபினின் போன் ஸ்பீக்கரில் இதைக் கேட்ட சரவணகுமார் சமையலறையிலிருந்தே மறுத்து முழங்கினான்: "அது மனுசன் நிக்கிற வரிசைண்ணே! பஸ் நிக்கிற வரிசை இல்ல!" எபின் கண்ணை மூடிச் சிந்தித்தான். துபாய்ச் சாலையில் நிற்கும் வரிசை துபாய்க்குரியது. ஆனால் கேட் வரிசை இந்தக் கேம்புக்குள் நுழைய மட்டுமே நிற்கும் வரிசை. நுழைந்தவர் முதலில் காண்பது சமையலறையை. வாளி இருப்பது சமையலறையில். ஆகவே அது வரிசையே! தீர்ப்புரைத்த எபின் கேட்டைத் தாண்டி ஓடி, எட்டு அடிக்கும்போது மூசாவின் பஸ்ஸுக்குப் பின்னால், புகைபோக்கிக்கு நேரே, கைகளை விரித்து நின்றான். நீதி இருமியது, ஆனாலும் நின்றது.

ஆயினும் மிகப்பெரிய சோதனை வாளியருகே காத்திருந்தது. அன்று சமையல் முறை சரவணகுமாருடையது. சோம்பும் மிளகும் சின்ன வெங்காயமும் வறுத்தரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, எண்ணெய் பிரிந்து மினுங்கும் கோழிக் குழம்பு அடுப்பில் தளதளவெனக் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டினிப் படை ஐவர் நுழைந்த கணத்தில் அந்த வாசனை ஆயிரம் அம்புகளாய்ப் பாய்ந்தது. "இது லஞ்சம்! ஓட்டுக்குச் சோறு போடுறது குத்தம்னு அக்கா சொல்லீருக்கு!" என்று அதிர்ந்தான் பத்திநாதன். அதுவும் உண்மை, வாக்காளருக்கு விருந்தளித்து மனம் மாற்றுவதை அந்நாட்டுச் சட்டம் பெருங்குற்றமாகக் கருதுகிறது. எபின் சட்டியை மூடச் சொல்லி, கடைசி ஓட்டு விழும்வரை ஒருவர் தட்டிலும் ஒரு துளி விழக்கூடாது என ஆணையிட்டான். வாசனையைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்திலும் இல்லை. பெபின் பென்சிலைப் பிடித்தபடி நின்றான், நெடுநேரம் நின்றான், சட்டியைப் பார்த்தான், தலைவனைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான், குறியிட்டான்.

வாளி கவிழ்ந்தது. அகரவரிசைப்படி எபின் அறிவித்தான்: "சரவணகுமார், ஐந்து. பத்திநாதன், ஆறு. ஆகவே பத்திநாதன் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டார் என இதனால் அறிவிக்கிறேன்." சரவணகுமார் தன் அணியினரை ஒவ்வொருவராக உற்றுப்பார்த்தான், ராக்கப்பன் அந்நேரம் பார்த்து வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருந்தார். வென்றவர் முதலில் தேர்தல் அதிகாரிக்கு நன்றி சொல்வது அங்கே மரபாதலால் பத்திநாதன் எபினுக்கும், எபினை இருமவைத்த மூசாவின் பஸ்ஸுக்கும் நன்றி கூறினான். பிறகு ஒரு நாற்காலிமேல் ஏறி, தயிர் வாளியை மகுடமாய் உயர்த்தி, கோழிக் குழம்பின் ஆவி பனிமூட்டமாய்ச் சூழ, விண்ணும் மண்ணும் அரபிக்கடலும் சாட்சியாக இறுதிப் பிரகடனம் செய்தான்: "நாளைக்கு விடியதுக்கு முந்தி நான் சந்தைல நிப்பேன்! ஏலத்துல மொத மீனு நம்ம மீனு! நெய்மீனும் சாளையும் பாறையும் நம்ம சட்டிக்கு வரும்! புளியும் மாங்காயும் போட்டு நானே வைப்பேன்! மெஸ்ஸுல இனி வெள்ளிக்கெழம எண்ணா மீனு!" பன்னிரண்டு தொண்டைகளும் ஆர்ப்பரித்தன, தோற்ற தொண்டையே அவற்றுள் பெரிதாய் ஒலித்தது, வெற்றிவீரன் பகைவனின் குழம்பை மூன்றுமுறை வாங்கி உண்டு, வெள்ளிப்பூவைக் கழற்றாமலே மேலடுக்கு ஏறிச் சாய்ந்தான்.

மறுநாள் பத்திநாதன் எழுந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டதால் அன்றைக்கும் கோழிக் குழம்புதான் வைத்தார்கள்.