மச்சானின் பிக்கப்புக்குப் புதுப்பட்டை போட்ட விவரம்

திருப்பூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் முருகேஷ் அவர்களுக்கு, தங்கள் தங்கை சித்ராதேவியின் வீட்டுக்காரன் தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சித்ராவும் சுகம். சோமனூரில் தாங்களும் அக்காவும் தறிகளும் சத்தத்தோடு சுகமாயிருக்கச் சென்னிமலை ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயெடுப்பதற்குள் "சரிங்க மாப்ள, தறி நின்னுபோச்சு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

தைப்பூச விருந்தில், உங்கள் தறிக்கூடத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். நீங்கள் பந்தி முழுக்கக் கேட்கிறாற்போல, "மாப்ளைக்குக் கத்திரியத் தவிர என்னங்க தெரியும்? வண்டியில கை வெச்சா வண்டிதான் அழுவும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சித்ராவும் சிரித்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு ரேஷன் கடைக்குப் போவதும் காஸ் சிலிண்டர் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுமாகக் கிடக்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பது நிஜமாகவே வலிக்கிறது மச்சான்.

ஆகவே, மகள் மைதிலியின் வீட்டுக்குக் கட்டில் கொண்டுபோக டிரைவர் சுரேஷிடம் நீங்கள் பிக்கப்பைக் கொடுத்தனுப்பியபோது, இது ஆண்டவரே அனுப்பியது என்று முடிவு செய்தேன். நான் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வந்து, சாவியைச் சித்ராவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். நான் திரும்பி வந்தால் வாசலில் வெள்ளை பிக்கப் நிற்கிறது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகள் நரைத்து, வெடித்து, ஒன்று கழன்றே தொங்கிக்கொண்டிருந்தது. சித்ரா அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, வண்டிய சுரேஷு..." என்று ஆரம்பித்தாள். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ பேசாம இரு" என்று அடக்கிவிட்டேன். முதலில் பட்டை, அப்புறம்தான் கட்டில். அது கூடத்தில் குறுக்கே நிற்கிறது, சுற்றிக்கொண்டுதான் சாப்பிடப் போகிறோம்.

சக்கர வளைவுக்குச் செய்தித்தாளில் பேட்டர்ன் வெட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, "மாடல் பேரு சொன்னாப் போதுமே சாமி, இதென்னங்க, வண்டிக்குச் சட்டையா தைக்கறீங்க?" என்றார். சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டால் வண்டிக் கதவு திறக்கவில்லை. தூசி அடைத்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டேன், அப்போதும் அசையவில்லை. வெளிவேலைதானே என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் உங்கள் வேல் ஸ்டிக்கரையும் காணோம், வெயிலில் உரிந்துவிட்டது போலும். புதிதாக ஒன்று வாங்கி ஒட்டியிருக்கிறேன், அதற்கு நன்றியெல்லாம் வேண்டாம்.

அப்புறம் நடந்ததைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தோசைத் திருப்பியில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, பட்டைக்கு அடியில் விட்டு மெல்ல நெம்பினேன். டப்பென்று கழன்று வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் மச்சான். பட்டைக்கு அடியில் பால் மாதிரி வெள்ளை! வண்டி ஷோரூமை விட்டு வந்த அன்றைக்கு இருந்த பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷ வெயிலையும் சேற்றையும் ரோட்டுக் கல்லையும் இந்தப் பட்டை தான் வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றியிருக்கிறது, நாமோ வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்துவிட்டோம். "சித்ரா, ஓடியா, இங்க வந்து பாரு!" என்று கத்தினேன். பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

அடுத்தது கிளிப்பு. அடடா, அத எவன் யோசிச்சானோ அவன் கையக் கண்ணுல ஒத்திக்கலாமுங்க! ஆணி இல்ல, நூல் இல்ல. ஓட்டையில வெச்சுத் தட்டினா டக்குனு உள்ள போயிருது, அப்பறம் இழுத்தாலும் வராது. முதல் கிளிப்பு என் கையில் உடைந்தது உண்மைதான். இரண்டாவது பறந்துபோய் எதிர்வீட்டு வேலாத்தாளின் மோர்ச் சொம்பில் விழுந்தது. "கருவேப்பிலைன்னு மென்னுட்டனுங்க" என்று துப்பிக்கொண்டு வந்தாள். வளைய மறுத்த ஒரு பட்டைக்கு மட்டும் ஸ்டீம் அயர்னின் ஆவியைக் காட்டினேன், சொன்ன பேச்சுக் கேட்டது.

பின்பக்க ஓரத்துக்கு ரப்பர் பீடிங், அதாவது விளிம்பில் ஒட்டும் ரப்பர் நாடா, மீட்டர் கணக்கில் வாங்கினது. பழக்க தோஷம், துவைத்தால் துணி சுருங்குமே என்று விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டிவிட்டேன். ஒட்டினால் நுனி நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. "ரப்பரு எங்காச்சும் சுருங்குமாங்க?" என்று சித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலையில போய்ப் பாத்தா, சத்தியமாச் சொல்றேன் மச்சான், சுருங்கி, சரியா மூலையில போய் உக்காந்திருக்குது! பனியனுக்கு என்ன குணமோ அதுக்கும் அதே குணம்! எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. வண்டியைப் பார்த்துக் கும்பிட்டேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

இப்போது வீதியே நின்று பார்க்கிறது. கம்பெனி வேனுக்குக் காத்திருந்த பெண்கள் பட்டையைப் பார்த்துக்கொண்டே வேனைக் கோட்டைவிட்டார்கள். வடக்கத்தித் தையல்காரர் ஒருவர் "ஏக்தம் நயா, மாஸ்டர்ஜி" என்று, அதாவது புத்தம் புதுசு என்று, கையைக் குலுக்கினார். ஆகவே மச்சான், அந்த வேலையை எனக்கே தாருங்கள். சம்பளம் நீங்கள் பார்த்துச் செய்தால் சரி. பந்தியில் சொன்னதை ஒரு பந்தியிலேயே திரும்ப வாங்கிக்கொண்டால் அதுவே எனக்குப் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் தறிகளில் நூல் அறாமல் ஓட ஆண்டவர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
தண்டாயுதபாணி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சுரேஷ் ஃபோன் செய்தான். "மாஸ்டருங்க, கட்டில் ஏத்தியாச்சுங்களா? உங்க ஊட்டு வாசல்ல வேற வண்டி நின்னுதுன்னு நம்ம வண்டிய அடுத்த வீதி வேப்பமரத்தடியில உட்டுட்டு, அக்காகிட்டச் சொல்லீட்டுத்தானுங்க வந்தேன்" என்றான். நான் சித்ராவைப் பார்த்தேன். "வாயத் தொறக்க உட்டீங்களா நீங்க?" என்றாள். நான் பட்டை போட்டது, பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் எலாஸ்டிக் கம்பெனி மாரப்பனின் வண்டிக்கு. பழனிக்குப் போயிருந்த அந்த மனுஷர் அதே நேரத்தில் வந்து இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பட்டையைத் தடவினார், வேல் ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கடைசியில், "அண்ணா, எங்க கம்பெனி வண்டி எல்லாமே இப்படித்தான் தொங்கிட்டுக் கெடக்குதுங்க. தெனமும் வந்து பாத்துக்கறீங்களா?" என்றார். இந்தத் தடவை சித்ரா சிரிக்கவில்லை, உள்ளே போய் என் பழைய டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே கேட்ட வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் வண்டி பழைய பட்டையோடு மரத்தடியில் பத்திரமாக நிற்கிறது, கட்டிலை இறக்கியதும் அனுப்பிவைக்கிறேன். அதற்கும் பட்டை மாற்ற வேண்டுமானால் சொல்லுங்கள் மச்சான், மாரப்பன் வண்டிகள் முடிந்த பிறகு பார்க்கலாம்.