சுவருக்கு மட்டும் உரிமையாளர்

வெள்ளம் வடிவதற்கு முன்பே, இடிந்த வீட்டைக் கட்டித் தருவதற்கான விண்ணப்பப் படிவம் அச்சடித்த பெருமை இந்த உலகத்தில் ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான் உண்டு. பத்திரம் இல்லாதவர்களும் பத்திரமாக வாழ வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு அது 'வாரிசு வீட்டார் தனிக் கரிசனப் பிரிவு' ஒன்றையே திறந்தது. ஐந்தாம் எண் ஜன்னல். மற்ற ஜன்னல்களில் இல்லாத மின்விசிறி அங்கே இருந்தது. கரிசனம் என்றால் சும்மாவா?

தையற்காரி முதல் ஆளாகப் போய் நின்றாள். தாத்தா கட்டிய வீடு. அப்பா பிறந்து, வாழ்ந்து, கண் மூடிய வீடு. பத்திரத்தில் யாரும் பெயர் மாற்றவில்லை. இப்போது கூரையும் மூன்று சுவர்களும் தண்ணீரோடு போய்விட்டன. அம்மாவைப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் படுக்க வைத்திருந்தாள். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

"வீடு யார் பேர்லம்மா?" என்றார் பிரிவு அலுவலர், கரிசனம் சொட்ட.

"எங்க தாத்தா பேர்ல, சார்."

"அவரை வரச் சொல்லுங்க. உடனே முடிச்சிடலாம்."

"அவர் செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சே."

"அடடா!" அலுவலர் உண்மையாகவே வருந்தினார். "எங்களுக்குத் தகவலே வரலையே. சரி, எல்லா வாரிசும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடட்டும். உங்களுக்கு உதவத்தானே நாங்க இருக்கோம்!"

வாரிசுகள் ஒன்பது பேர். சித்தப்பாவைப் பிடிக்க இரண்டு பஸ் மாறினாள். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லாத அத்தையின் வாசலிலும் போய் நின்றாள்.

"வீடு நின்னப்ப ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூப்பிட்டீங்களா? இடிஞ்சு விழுந்ததும் அத்தை ஞாபகம் வந்துடுச்சாக்கும்!"

தையற்காரி நின்றபடியே அழுதாள். அத்தை ஆசை தீரத் திட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

"எங்க போடணும்? ... அண்ணி எப்படி இருக்காங்க?"

ஆறே நாளில் ஒன்பது கையெழுத்தும் வந்து சேர்ந்தன. அலுவலர் எழுந்து நின்று பாராட்டினார். "பிரமாதம்! இனிமே ஒண்ணே ஒண்ணுதான். அந்த வீட்லதான் இப்ப குடியிருக்கீங்கன்னு ஒரு சான்று."

"வீடே இல்லையே, சார்!"

"அப்ப குடியிருக்கலை," என்று அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள், பக்கத்துப் பிரிவிலிருந்து பொறியாளர் வந்து, மிச்சமிருந்த ஒற்றைச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். 'மேற்படி சுவரின் உரிமையாளராகிய தாங்கள்' என்று அது தொடங்கியது. அவள் பெயர், அப்பா பெயர், கதவு எண், எதிலும் ஓர் எழுத்துப் பிழையில்லை. பொதுமக்களுக்கு ஆபத்தான சுவரை மூன்று நாளில் இடிக்காவிட்டால் நடவடிக்கை.

முதல் தடவை படித்தபோது 'நடவடிக்கை' மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. பசை காய்வதற்குள் உரித்து எடுத்துக்கொண்டு ஐந்தாம் ஜன்னலுக்கு ஓடினாள்.

"உரிமையாளர்னு நீங்களே எழுதியிருக்கீங்க, சார்! முத்திரைகூட இருக்கு!"

அலுவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இடிக்கிற பிரிவும்மா. நாங்க கட்டிக் குடுக்கிற பிரிவு. சட்டப்படி பார்த்தா, சுவர் உங்களுது. வீடு உங்க தாத்தாவுது."

"சுவர் வீட்டோடதுதானே, சார்?"

"அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்," என்றவர், குரலைத் தாழ்த்தி, "அரசாங்க நோட்டீசை உரிச்சது குத்தம். நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன்," என்று பெருந்தன்மையோடு அனுப்பி வைத்தார்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள், அத்தை வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தையற்காரி கடப்பாரையை இரவல் வாங்கிச் சுவரைத் தானே தள்ளினாள்.

இடித்தாயிற்றா என்று பார்க்க வந்த பொறியாளர் பதிவேட்டை நீட்டினார். "உரிமையாளர்னு போட்ட இடத்துல கையெழுத்துப் போடுங்கம்மா."

"நான் ஒருத்தி போட்டா போதுமா? மத்த வாரிசுங்க, சான்று, அதெல்லாம்?"

"எதுக்கும்மா? குடுக்கிறதா இருந்தாத்தான் ஆள் யாருன்னு பார்க்கணும்."